ஏனோக்கு: நான்கு வசனத்தில் இருப்பது எது, பிறகு வந்து சேர்ந்தது எது

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் வரும் ஏனோக்கு இறந்தாரா, இறக்கவில்லையா? யூதாவின் நிருபம் அவர் சொன்னதாக எடுத்துக் காட்டும் தீர்க்கதரிசனம் பழைய ஏற்பாட்டில் ஏன் இல்லை? 'ஏனோக்கின் புத்தகம்' என்று விற்கப்படுவது உண்மையிலேயே அவர் எழுதியதா?

மூன்றுக்கும் பதில் சொல்லலாம். அதற்கு முன், ஆதியாகமம் சொல்வதையும் பிற்காலத்தார் சொன்னதையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இவரைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி, கி.மு. 3-ஆம் நூற்றாண்டுச் செய்தியை ஆதியாகமத்துக்குள் ஏற்றிப் படிப்பதால் வருகிறது.

முதலில் ஆளைச் சரியாகப் பிடிப்போம். ஆதியாகமம் 4:17-இல் காயீனுடைய மகன் ஒருவன் ஏனோக்கு. காயீன் கட்டிய பட்டணத்துக்கு அவன் பெயரைத்தான் வைத்தான். நாம் பேசுகிறவர் அவரல்லர். 5-ஆம் அதிகாரத்தில் சேத்தின் வழியில் வருகிற யாரேத்தின் மகன். அதே வழியில் சேத்தின் மகனாக ஏனோஸ் என்று இன்னொருவர் இருக்கிறார். பிரசங்கங்களில் இவ்விருவரும் அடிக்கடி மாறிப்போகிறார்கள். ரூபனுக்கும் மீதியானுக்கும் ஏனோக்கு என்ற பெயரிலேயே மகன்கள் உண்டு. தமிழில் அவர்கள் 'ஆனோக்கு' என்று வருவதால் ஒரே பெயர் என்பது தெரிவதில்லை. எபிரெயத்தில் நால்வரும் 'ஹனோக்'. பயிற்றுவித்தல், அர்ப்பணித்தல் என்று பொருள்படும் வேரின் எழுத்துகளே இப்பெயரிலும் உள்ளன. ஹனுக்கா பண்டிகையின் பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

இனி மூலத்துக்கு வருவோம். ஆதியாகமம் 5:21 முதல் 24 வரை, நான்கே வசனம். அந்த அதிகாரம் முழுவதும் ஒரே அச்சில் வார்த்தது: இன்னார் இத்தனை வயதில் இன்னாரைப் பெற்றான், பெற்றபின் இத்தனை வருஷம் உயிரோடிருந்தான், குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான், மொத்த நாள் இவ்வளவு, மரித்தான். ஆதாம், சேத், ஏனோஸ், கேனான், மகலாலெயேல், யாரேத், மெத்தூசலா, லாமேக்கு என்று எட்டுப் பேருக்கும் கடைசிச் சொல் 'மரித்தான்'. ஏனோக்கிடம் மட்டும் அந்த அச்சு இரண்டு இடத்தில் உடைகிறது.

கடைசியில் 'மரித்தான்' இல்லை என்பதை எல்லாரும் கவனிப்பார்கள். இன்னொரு உடைப்பு 22-ஆம் வசனத்தில் இருக்கிறது. யாரேத்தைப் பற்றி, ஏனோக்கைப் பெற்றபின் எண்ணூறு வருஷம் 'உயிரோடிருந்து' என்று வருகிறது. ஏனோக்கைப் பற்றி, மெத்தூசலாவைப் பெற்றபின் முந்நூறு வருஷம் 'தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருந்து' என்று வருகிறது. 'வாழ்ந்தான்' என்ற சொல் இருக்க வேண்டிய குழியில் 'தேவனோடே நடந்தான்' என்ற சொல்லை எழுதியவர் பதித்திருக்கிறார். 24-இல் அதையே மறுபடி சொல்லி, 'காணப்படாமற்போனான். தேவன் அவனை எடுத்துக்கொண்டார்' என்று முடிக்கிறார். நான்கு வசனமும் சொல்வது இவ்வளவே. பரலோகம், தேவதூதர், தேர் எதுவும் இங்கே கிடையாது. ஏனோக்கு எழுதுகோல் பிடித்ததாகவும் ஒரு சொல் இல்லை.

அப்படியானால் இறந்தாரா? சொற்களை மட்டும் தனியே எடுத்தால் முடிவு கட்ட முடியாது. 'காணப்படாமற்போனான்' என்பதற்கான எபிரெயச் சொல் 'ஏனென்னு', 'அவன் இல்லை'. யோசேப்பின் சகோதரர்கள் எகிப்தில் நின்று 'ஒருவன் இல்லை' என்று சொல்வதும் இதே சொல்லால்தான். அப்போது யோசேப்பு உயிரோடு அவர்கள் எதிரிலேயே நிற்கிறார். 'எடுத்துக்கொண்டார்' என்பது 'லாகாக்'. எலியா எடுத்துக்கொள்ளப்படுவதைச் சொல்லும் 2 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தில் அது வருகிறது. எசேக்கியேலின் மனைவி சாகப்போவதை அறிவிக்கும் எசேக்கியேல் 24:16-இலும் அதுவே வருகிறது.

இந்த வாதம் பழையது. ஆதியாகமத்துக்கான யூத விளக்கத் தொகுப்பான ஆதியாகம ரப்பாவில், செசரியாவின் ரப்பி அபாகுவிடம் மாற்றுக்கொள்கையார் சிலர் கேட்கிறார்கள்: 'ஏனோக்கு செத்ததாக எழுதவில்லையே, எலியாவைப் போல இவரையும் எடுத்துக்கொண்டார் என்றுதானே இருக்கிறது?' அபாகு எசேக்கியேலின் அந்த வசனத்தைத்தான் பதிலாகக் கொடுக்கிறார். சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் பதில் சரியானது. ஆனால் எட்டுப் பேருக்கு 'மரித்தான்' என்று எழுதிய கை இவர் ஒருவரிடம் மட்டும் அதைத் தவிர்த்தது தற்செயல் ஆகாது. அதிகாரத்தின் அமைப்பைப் பார்க்கிறவருக்கு, 'இவர் மற்றவர்களைப் போலப் போகவில்லை' என்று எழுதியவர் சொல்ல விரும்பியது தெளிவாகவே தெரியும். எங்கே போனார், எப்படிப் போனார் என்பதை அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னவர்கள் பின்னால் வந்தவர்கள்.

புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 11:5 வெளிப்படையாகவே 'மரணத்தைக் காணாதபடிக்கு' என்கிறது. கூடவே, அவர் 'தேவனுக்குப் பிரியமானவன்' என்று சாட்சி பெற்றார் என்றும் சொல்கிறது. தமிழ் ஆதியாகமத்தில் 'பிரியமானவன்' எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது. நிருபத்தை எழுதியவர் கையில் இருந்தது கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த். அதில் 'தேவனோடே நடந்தான்' என்பது 'தேவனுக்குப் பிரியமாயிருந்தான்' என்றும், 'எடுத்துக்கொண்டார்' என்பது 'இடம் மாற்றினார்' என்ற பொருளிலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது. நம் பழைய ஏற்பாடு எபிரெயத்திலிருந்து வந்தது. அதனால்தான் இரண்டு ஏற்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சொற்கள் ஒட்டுவதில்லை.

எண்களைத் தொட்டால் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஒரு தாளில் நீங்களே கூட்டிப் பாருங்கள். எபிரெயப் பாடத்தில், அதாவது எபிரெயப் பிரதிகளில் உள்ள வடிவத்தில், ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பெற்ற வயது: ஆதாம் 130, சேத் 105, ஏனோஸ் 90, கேனான் 70, மகலாலெயேல் 65, யாரேத் 162. கூட்டினால் 622. ஆதாம் படைக்கப்பட்டதிலிருந்து 622-ஆம் ஆண்டில் ஏனோக்கு பிறக்கிறார். 365 ஆண்டு சேர்த்தால் 987-இல் எடுத்துக்கொள்ளப்படுகிறார். ஆதாம் 930-இல் மரிக்கிறார். ஆக, அந்த வழியில் முதல் மரணம் ஆதாமுடையது. 57 ஆண்டு கழித்து ஏனோக்கு காணாமற்போகிறார். அன்று சேத் முதல் யாரேத் வரை ஐந்து மூதாதையரும் உயிரோடிருக்கிறார்கள். தகப்பனான யாரேத் அதற்குப் பிறகும் 435 ஆண்டு வாழ்கிறார். நோவா பிறப்பது 1056-இல். ஏனோக்கை அவர் பார்த்திருக்க முடியாது.

செப்துவஜிந்தில் பெரும்பாலான பெயர்களுக்குப் பெற்ற வயது 100 ஆண்டு கூடுதல். அதில் ஏனோக்கு 1122-இல் பிறக்கிறார். ஆதாம் இறந்து 192 ஆண்டு ஆகியிருக்கிறது. சமாரியர் காத்துவைத்த தோராவில் (மோசேயின் ஐந்து புத்தகங்கள்) யாரேத் 62 வயதில் பெறுகிறார். அங்கே ஏனோக்கு பிறப்பது 522-இல், எடுத்துக்கொள்ளப்படுவது 887-இல். அதாவது ஆதாம் இன்னும் உயிரோடு இருக்கும்போதே ஏனோக்கு போய்விடுகிறார்! அந்தப் பாடத்தின்படி ஆபேலுக்குப் பிறகு, இந்த வழியில், உலகை விட்டுப் போன முதல் ஆள் இவர்தான். 'ஆதாமும் ஏனோக்கும் சந்தித்தார்களா' என்று யாராவது கேட்டால், எந்தப் பாடத்தின்படி என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்லக்கூடாது. ஏனோக்கின் எண்களில் மூன்று பாடமும் மாற்றாமல் விட்டது ஒன்றே: மொத்தம் 365.

மகன் மெத்தூசலாவிடம் செப்துவஜிந்துக்கு ஒரு சிக்கல் வருகிறது. எபிரெயத்தில் அவர் 187 வயதில் லாமேக்கைப் பெறுகிறார், லாமேக்கு 182-இல் நோவாவைப் பெறுகிறார், நோவாவின் 600-ஆம் வயதில் வெள்ளம். 187, 182, 600 கூட்டினால் 969. மெத்தூசலாவின் மொத்த வயதும் அதுவே. வெள்ளம் வந்த ஆண்டிலேயே மரிக்கிறார். செப்துவஜிந்தின் பல பிரதிகளில் 167, 188, 600, கூட்டினால் 955. மொத்த வயதோ அங்கும் 969. பேழைக்குள் எட்டுப் பேர் மட்டுமே இருக்க, மெத்தூசலா வெள்ளத்துக்குப் பின்னும் 14 ஆண்டு வாழ்ந்தாக வேண்டும். சபைப் பிதா அகுஸ்தீன் காலத்திலேயே இது பெரிய விவாதம்.

மெத்தூசலா என்ற பெயருக்கு 'இவன் சாகும்போது அது அனுப்பப்படும்' என்று பொருள், ஏனோக்கு வெள்ளத்தை முன்னறிந்து மகனுக்கு வைத்த பெயர் என்று மேடையில் கேட்டிருப்பீர்கள். எபிரெய இலக்கணம் அதற்கு இடம் கொடுப்பது அரிது. முன்பாதி 'மெத்து', ஆள் என்ற பழஞ்சொல். காயீன் வழியில் வரும் மெத்தூசவேலிலும் அதைப் பார்க்கலாம். பின்பாதி 'ஷெலஹ்', எறியும் ஆயுதம். ஒரு தெய்வப் பெயர் என்போரும் உண்டு. 'ஈட்டிக்காரன்' என்பதே நேரான பொருள். வயதுக் கணக்கு வெள்ளத்தோடு பொருந்துவது உண்மை. பெயர் அதை அறிவிக்கிறது என்பது பிறகு பின்னியது.

365 சூரிய ஆண்டின் நாள் எண்ணிக்கை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மெசபொத்தேமியாவின் சுமேரிய அரசர் பட்டியலில், வெள்ளத்துக்கு முன் ஆண்டவர்கள் வரிசையில் களிமண் பட்டகம் ஒன்று ஏழாவதாக வைப்பது சிப்பர் நகரத்து எம்மெதுரான்கியை; ஆட்சி 21,000 ஆண்டு. சிப்பர் சூரியக் கடவுள் ஷமாஷின் நகரம். ஷமாஷும் புயல் கடவுள் அதாதும் அவரைத் தங்கள் சபைக்கு அழைத்து, தண்ணீரில் எண்ணெய் விட்டுக் குறி பார்ப்பதைக் கற்பித்ததாக அக்காடிய ஏடு சொல்கிறது. அவரோடு இணைத்துச் சொல்லப்படும் ஞானி உதுஅப்சு வானத்துக்கு ஏறினார். ஏழாவது இடம், சூரியன், தெய்வ சந்நிதி, வானேற்றம் எல்லாம் ஒன்றாக ஏனோக்கிடமும் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம் என்றே நினைக்கிறேன். அதற்காக இது அதன் நகல் என்றும் சொல்லிவிடக்கூடாது. ஆதியாகமம் குறி பார்த்தலையும் அரச பதவியையும் உதறிவிட்டு, 'தேவனோடே நடந்தான்' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

இப்போது புத்தகம். 'ஏனோக்கின் புத்தகம்' என்ற பெயரில் மூன்று தனித்தனி நூல்கள் உண்டு. முதலாவது எத்தியோப்பியாவின் கீஸ் மொழியில் முழுமையாகக் கிடைத்தது, 108 அதிகாரம். இரண்டாவது பழைய ஸ்லாவிய மொழியில் கிடைத்தது. மூன்றாவது எபிரெயத்தில் உள்ள பிற்கால யூத மறைஞான நூல். அதில் பேசுகிறவர் ரப்பி இஸ்மவேல். யூதாவின் நிருபத்தோடு தொடர்புள்ளது முதலாவது மட்டும்.

அந்த 108 அதிகாரமும் ஒரே கையில் வந்ததல்ல. 1 முதல் 36 வரை காவலாளர் பகுதி. 37 முதல் 71 வரை உவமைகள். 72 முதல் 82 வரை வானியல். 83 முதல் 90 வரை கனவுகள். பிறகு 108 வரை ஏனோக்கின் நிருபமும் பின்னிணைப்புகளும். 1952-இல் சாக்கடல் கரையிலுள்ள கும்ரானில் கண்டுபிடிக்கப்பட்ட 4-ஆம் குகையில் இதன் அரமேயத் துணுக்குகள் 11 பிரதிகளிலிருந்து கிடைத்தன. ஆய்வாளர் மிலிக் அவற்றை 1976-இல் வெளியிட்டார். மிகப் பழைய பிரதி வானியல் பகுதியுடையது, கி.மு. 200-ஐ ஒட்டியது. உவமைப் பகுதியிலிருந்து அங்கே ஒரு துணுக்குகூட இல்லை. ஆகவே வெள்ளத்துக்கு முன் எழுதப்பட்டது என்பதற்கு ஆதாரமில்லை. மிகப் பழைய பகுதிகளே கி.மு. 3-ஆம் நூற்றாண்டைச் சுற்றி அரமேயத்தில் உருவானவை.

காவலாளர் என்பது தானியேல் 4-ஆம் அதிகாரத்தில் வானத்திலிருந்து இறங்கும் 'காவலாளன்' என்ற அதே அரமேயச் சொல். யாரேத்தின் நாளில் காவலாளராகிய தூதர் 200 பேர் எர்மோன் மலைமேல் இறங்கினார்கள் என்று கதை தொடங்குகிறது. யாரேத் என்ற பெயரே 'இறங்குதல்' என்ற வேரின் ஓசை கொண்டது. கதை அங்கிருந்து கிளைத்திருக்கிறது. அவர்களில் ஒருவனான அசாயேல் வாளும் கேடயமும் செய்யவும், கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். அந்தத் தூதர்களுக்கு மனிதப் பெண்களிடம் பிறந்த இராட்சதரின் உயரம் 3,000 முழம் என்று கீஸ் பாடமும் எகிப்தின் அக்மீமில் கிடைத்த கிரேக்கப் பிரதியும் சொல்கின்றன. முழத்துக்கு 45 செ.மீ. என்றால் 1,350 மீட்டர். இணையத்தில் சுற்றும் 'இராட்சத எலும்புக்கூடு' படங்களுக்கு இதை ஆதாரம் காட்டுகிறவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்வதில்லை.

வானியல் பகுதியின் ஆண்டு 364 நாள். மாதங்கள் 30, 30, 31 என்று காலாண்டுக்கு 91 நாள். அது சரியாக 13 வாரம். இதனால் ஒவ்வொரு பண்டிகையும் எல்லா ஆண்டும் ஒரே கிழமையில் வரும். கும்ரானில் ஆண்டு புதன்கிழமை தொடங்கியது, சூரியன் படைக்கப்பட்டது நான்காம் நாள் என்பதால். எனவே முதல் மாதம் 14-ஆம் தேதியின் பஸ்கா எப்போதும் செவ்வாய். அழகான கணக்கு, ஆனால் மெய்யான சூரிய ஆண்டைவிட ஒன்றேகால் நாள் குறைவு. 24 ஆண்டில் ஏறத்தாழ 30 நாள் முந்திப்போய், அறுவடைப் பண்டிகை அறுவடையை விட்டு விலகிவிடும். ஆகவே 'ஏனோக்கின் வயது 365, ஏனோக்கின் நாட்காட்டியும் 365' என்று இணைப்பது பிழை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நாளை 18 பங்காக்கி, மிக நீண்ட பகலுக்கு 12 பங்கு, இரவுக்கு 6 என்கிறது, அதாவது 16 மணி நேரப் பகல். எருசலேமில் மிக நீண்ட பகல் 14 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இரண்டுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் முல் அப்பின் என்னும் பாபிலோனிய வானியல் ஏட்டில் உள்ளது. வானத்தைப் பார்த்து எழுதியதைவிட, ஏட்டிலிருந்து கற்றதற்கே இது சாட்சி.

யூதா 14-ஆம் வசனம் எடுத்துக் காட்டும் 'ஆயிரமாயிரமான தமது பரிசுத்தவான்களோடுங்கூடக் கர்த்தர் வருகிறார்' என்பது இந்நூலின் 1:9. 'ஆதாமுக்கு ஏழாந்தலைமுறை' என்ற அடைமொழியும் இந்நூலில் (60:8) இருப்பதே. ஆதாமையும் சேர்த்து எண்ணினால் ஏழு சரியாக வரும். யூதா மேற்கோள் காட்டியதால் முழு நூலும் வேதமாகிவிடுமா? ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் 'ஆகும்' என்ற பக்கம் சாய்ந்து, வெள்ளத்தில் நூல் அழிந்திருக்குமே என்ற கேள்விக்கு நோவா வழியாகக் காக்கப்பட்டது என்று பதில் சொன்னார். அகுஸ்தீன், இவ்வளவு பழமை கோரும் நூலை நம்ப முடியாது என்று ஒதுக்கினார். பவுல் தீத்து 1:12-இல் கிரேத்தா தீவின் புறமதத்தான் ஒருவனைத் 'தீர்க்கதரிசி' என்றே சொல்லி மேற்கோள் காட்டுகிறார். அவன் எழுத்தை யாரும் வேதத்தில் சேர்க்கவில்லை. மேற்கோள் அந்த ஒரு வாக்கியத்துக்குச் சான்று தருகிறது, அதற்கு மேல் இழுக்கக்கூடாது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹிதோ சபை நூலை முழுதாகத் தன் வேதத்தில் வைத்துக் காத்தது. 'மறைக்கப்பட்ட நூல்' என்ற பேச்சு அந்தச் சபைக்கு அநியாயம். அவர்கள் அதை மறைக்கவே இல்லை. ஸ்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ் 1773-இல் மூன்று பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். 1821-இல் லாரன்ஸ் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

யூத மரபு இரண்டாகப் பிரிந்தது. ஆதியாகம ரப்பாவில் ஒரு ரப்பி, ஏனோக்கு சில நேரம் நீதிமான், சில நேரம் அப்படியல்ல, நீதியாயிருக்கும்போதே எடுத்துவிடலாம் என்று தேவன் எடுத்தார் என்கிறார். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியும் இதை ஒட்டியே, காலத்துக்கு முன்பே மரித்தார் என்று விளக்கினார். மறுபக்கம், மூன்றாம் ஏனோக்கிலும் யோனத்தான் பெயரிலான தர்கூம் என்ற அரமேய மொழிபெயர்ப்பிலும் அவர் வானுக்கு ஏறி மெத்தாத்ரோன் என்னும் பெரிய எழுத்தராகிறார். ஒரே வசனத்திலிருந்து ஊசலாடும் மனிதனும் வந்தான், தூதர்களின் தலைவனும் வந்தான்.

குர்ஆனில் வரும் நபி இத்ரீஸ் (அலை) இவர்தான் என்பது முஸ்லிம் அறிஞர் பெரும்பாலோரின் கருத்து; குர்ஆன் அப்படிப் பெயர் இணைக்கவில்லை. மர்யம் அத்தியாயம் (19:56-57) அவரை உண்மையாளர், நபி என்று சொல்லி, உயர்ந்த இடத்துக்கு உயர்த்தினோம் என்கிறது. அன்பியா அத்தியாயம் (21:85) பொறுமையாளர்களில் ஒருவராகச் சேர்க்கிறது. நபிகளின் வானேற்றப் பயணமான மிஃராஜ் பற்றிய ஹதீஸில் நபிகள் அவரை நான்காம் வானத்தில் சந்திக்கிறார். எழுதுகோலால் முதலில் எழுதியவர் என்பது பிற்கால மரபு. பழைய யூத நூலான யூபிலியும் எழுத்தை முதலில் கற்றவர் ஏனோக்கு என்றே சொல்வதால் இரண்டும் எங்கோ ஒரே ஊற்றைத் தொடுகின்றன. இத்ரீஸ் நான்காம் வானத்திலேயே உயிர் கைப்பற்றப்பட்டார் என்று தஃப்ஸீர் எனும் குர்ஆன் விரிவுரையில் கஅபுல் அஹ்பார் வழியாக ஓர் அறிவிப்பு உண்டு. இறந்தாரா என்ற கேள்வி அங்கும் விடவில்லை.

கையில் ஒரு பதிப்பு வந்தால் முதலில் அதிகார எண்ணிக்கையைப் பாருங்கள். 108 இருந்தால் முதலாம் ஏனோக்கு. அடுத்து, எந்த மொழியிலிருந்து பெயர்த்தது என்று முன்னுரையில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 106-ஆம் அதிகாரத்தைத் திறந்து படியுங்கள். நோவா வெண்பனி போன்ற உடலோடு பிறக்கிறார். லாமேக்கு பயந்துபோய்த் தகப்பன் மெத்தூசலாவிடம் ஓடுகிறான். மெத்தூசலா பூமியின் கடைக்கோடிக்குப் போய், தூதர்களோடு தங்கியிருக்கும் தன் தகப்பன் ஏனோக்கைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிறான். எபிரெயக் கணக்கில் அது ஏனோக்கு காணாமற்போய் 69-ஆம் ஆண்டு. கூப்பிட்ட குரலுக்கு ஏனோக்கு வந்து நிற்கிறார்.